மலை ஏற முன் காற்றையும் காலையும் பாருங்கள்

வடக்கிலிருந்து மலையகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓகஸ்ட் பாடசாலை விடுமுறையில்தான் போகிறார்கள். ஒரு வான் பிடித்து நுவரெலியா, எல்ல, திரும்பும் வழியில் கண்டி. இப்போது அதோடு ஒரு மலையையும் ஏறிப் பார்க்கும் ஆசை இளம் ஆட்களிடம் கூடியிருக்கிறது. சிவனொளிபாத மலைக்கு எப்போது போகலாம், என்ன சப்பாத்துப் போடலாம் என்று என்னிடம் கேட்கிறவர்களில் சிலருக்கு ஒரு கால் செயற்கைக் கால். மலையேற்றம் பற்றி வழக்கமாக வரும் குறிப்புகள் அவர்களை நினைத்து எழுதப்படுவதில்லை.

முதலில் காற்று. ஆனி, ஆடியில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வீசும் சோளகத்தை நாங்கள் அறிவோம். மட்டக்களப்பில் கச்சான் என்பார்கள். எங்களுக்கு அது வறண்ட காற்று. ஆனால் கடலிலிருந்து அது ஈரத்தோடுதான் வருகிறது. மத்திய மலைகளின் மேற்குச் சரிவில் மோதி மேலெழும்போது மழையைக் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது மிஞ்சுவது வெக்கைதான். வடக்கிலோ அதை மறித்து மேலேற்ற மலையே இல்லை. இதனால் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, சிவனொளிபாத மலைப் பக்கம் நனைந்து கிடக்கும். அதே நாட்களில் பதுளை, பசறை, எல்லப் பக்கம் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஓகஸ்டில்தான் லீவு என்றால் எல்ல மலைக்கோ நமுனுகுலைக்கோ போங்கள். சிவனொளிபாதத்தைத் தை, மாசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். வாடைக் காற்றுக் காலத்தில் நிலைமை தலைகீழ். டிசெம்பர், ஜனவரியில் கிழக்குச் சரிவுகளுக்கு மழை, மேற்குப் பக்கம் வானம் வெளிக்கும்.

சிவனொளிபாத யாத்திரைக் காலம் டிசெம்பர் மாதப் போயாவில் தொடங்கி மே மாத வெசாக் போயாவோடு முடிகிறது. அந்த நாட்களில் வழி நெடுக மின்விளக்கு எரியும், தேநீர்க் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் இரண்டும் இல்லை. படிகளில் தண்ணீர் ஓடும், மேலே காற்று ஆளைத் தள்ளும். போயா தினத்தையும் சனி இரவையும் தவிர்ப்பது நல்லது. கூட்டம் நெருக்கும்போது படியில் மணிக்கணக்காக நிற்க வேண்டிவரும். நடந்து வியர்த்த உடம்போடு அசையாமல் நிற்பதுதான் குளிரை உள்ளே இறக்கும்.

குளிரைக் கணக்குப் பார்க்கலாம். ஆயிரம் மீற்றர் ஏறினால் வெப்பநிலை ஏறத்தாழ ஆறரைப் பாகை செல்சியஸ் குறையும். உச்சியின் உயரம் 2,243 மீற்றர். யாழ்ப்பாணத்தில் விடியப்புறம் 24 பாகை என்றால் அங்கே 10 பாகை அளவில் இருக்கும், காற்று வேறு. அந்தக் குளிரில் பாதம் இருக்கும் மேல்தளத்துக்குப் போகச் சப்பாத்தைக் கழற்றவும் வேண்டும். காய்ந்த காலுறை ஒரு சோடியைப் பொலித்தீன் பையில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

மார்ச் - ஏப்ரலும் ஒக்டோபர் - நவம்பரும் இரண்டு பருவக்காற்றுகளுக்கும் இடைப்பட்ட காலம். காலையில் வெயில் எறிக்கும், பின்னேரம் இடி மின்னலோடு மழை. மதியத்துக்குள் உச்சியையும் மலை முகட்டையும் விட்டு இறங்கிவிட வேண்டும். ஒக்டோபருக்குப் பிறகு மண்சரிவுப் பயமும் உண்டு. கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்ட லயன்கள் புதையுண்டது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் எச்சரிக்கையில் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகள் உள்ளன. சிவப்பு என்றால் அங்கு குடியிருப்பவர்களே வெளியேற வேண்டும். உல்லாசமாகப் போகிறவர்கள் மஞ்சளிலேயே பயணத்தைத் தள்ளிப்போடலாம் என்பது என் கருத்து.

இனிச் சப்பாத்து. நல்லதண்ணிப் பாதையில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். யாத்திரைக் காலத்தில் அதற்குப் பெரிய பூட்ஸ் எதுவும் தேவையில்லை. அடியில் பள்ளம் பள்ளமாக வெட்டுள்ள சாதாரண விளையாட்டுச் சப்பாத்துப் போதும். பாட்டாவோடும் வெறுங்காலோடும் ஏறுகிற அம்மாமாரை நீங்கள் வழியெல்லாம் காண்பீர்கள். அவர்களைப் பார்த்து நாமும் பாட்டாவோடு போகலாம் என்று நினைக்க வேண்டாம். அவர்களில் பலருக்குச் சரிவில் நடப்பது சிறுவயதுப் பழக்கம், நாங்கள் மட்டமான நிலத்துக் கால்கள்.

ஏறும்போது சிரமப்படுவது மூச்சு, இறங்கும்போது சிரமப்படுவது கால்விரலும் முழங்காலும். இறக்கத்தில் பாதம் முன்னால் சறுக்கி விரல் நுனி சப்பாத்தில் இடிக்கும். பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரலகலம் இடம் இருக்க வேண்டும். பாதம் சற்று வீங்கியிருக்கும் பின்னேரத்தில், போடப்போகிற காலுறையோடேயே அளவு பாருங்கள். புதுச் சப்பாத்து என்றால் இரண்டு கிழமையாவது ஊரில் போட்டு நடந்து பழக்குங்கள். தனிப் பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக் கொப்புளம் போடும். நைலோனோ கம்பளியோ கலந்தது நல்லது.

மழைக்காலத்துக் காட்டுப் பாதை வேறு கதை. நக்கிள்ஸ் மலைகளிலும் இரத்தினபுரி வழியாகச் சிவனொளிபாதம் ஏறும் பாதையிலும் சேறு, பாசி, அட்டை. அங்கே ஆழமான வெட்டும் மென்மையான இறப்பர் அடியும் வேண்டும். மலிவான பிளாஸ்டிக் அடி ஈரக் கல்லில் சவர்க்காரம் மாதிரி வழுக்கும். தண்ணீர் புகாத சப்பாத்து என்று கூடுதல் விலை சொல்வார்கள். எங்கள் நாட்டு மழையில் தண்ணீர் மேலால் உள்ளே இறங்கிவிடும், பிறகு அது வெளியேறாது. வலைத்துணிச் சப்பாத்து நனைந்தாலும் கெதியாகக் காயும் என்பதால் எனக்கு அதுதான் பிடிக்கும். காற்சட்டையைக் காலுறைக்குள் செருகினால் அட்டை ஏறுவது குறையும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய சப்பாத்தைப் பெட்டிக்குள் வருடக்கணக்காகக் காத்து வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பொலியூரித்தேன் அடி வைத்த சப்பாத்து ஈரக்காற்றில், போடாமல் இருந்தாலும் உள்ளுக்குள் உக்கிப்போகும். வெளித்தோற்றம் புதுசு மாதிரியே இருக்கும். ஒருமுறை ஒரு பெடியனுக்குப் பாதி மலையில் இரண்டு அடியும் கழன்று விழுந்ததை நேரில் பார்த்தேன். சுவிஸ் சப்பாத்து. கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினான். போக முன் அடியை வளைத்து, அமுக்கிப் பாருங்கள்.

செயற்கைக் கால் உள்ளவர்கள் சப்பாத்துக் கடைக்கு முதல் கால் செய்து தந்த நிலையத்துக்குப் போக வேண்டும். செயற்கைக் கால் ஒரு குறித்த குதி உயரத்துக்குச் சமப்படுத்தப்பட்டிருக்கும். அதைவிட உயரமான குதி முழங்காலை முன்னால் தள்ளி மடக்கப் பார்க்கும். தாழ்ந்த குதி முழங்காலைப் பின்னால் இழுக்கும். மட்டமான ரோட்டில் சமாளிக்கலாம், படியில் அது விழுத்திவிடும். 2009இல் முழங்காலுக்குக் கீழே காலை இழந்த கிளிநொச்சி அண்ணன் ஒருவரோடு ஒரு மாசி மாதம் நான் ஏறினேன். பயணத்துக்கென்றே தடித்த குதியுள்ள பூட்ஸ் வாங்கியிருந்தார். கால் பொருத்துநர் அதைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "தம்பிக்குக் குடுங்கோ, நீங்கள் பழசைப் போடுங்கோ" என்றார். பழைய கன்வஸ் சப்பாத்தோடுதான் அண்ணன் உச்சிக்குப் போனார்.

யாழ்ப்பாணத்தில் ஜெய்ப்பூர் நிலையம் 1987இல் தொடங்கியது முதல் பலரும் போட்டு நடந்த ஜெய்ப்பூர் பாதம், சப்பாத்தில்லாமலும் நடக்கவும் குந்தியிருக்கவும் ஏற்ற இறப்பர் பாதம். ஆனாலும் அடி தேய்ந்திருந்தால் ஈரப் படியில் பிடிக்காது. போக முன் காட்டிக்கொள்ளுங்கள்.

நடக்க நடக்க, மிஞ்சிய கால் கொஞ்சம் சுருங்கும், பொருத்தும் கிண்ணம் தளரும். அதற்குள் போடும் உறைகளில் மேலதிகமாக இரண்டு மூன்று கொண்டுபோக வேண்டும். அண்ணன் அரை மணிக்கொருமுறை தேநீர்க் கடை வாங்கில் இருந்து, கழற்றி, வியர்வையைத் துடைத்து, தோல் சிவந்திருக்கிறதா என்று ரோச் வெளிச்சத்தில் பார்த்தார். சிவந்தால் ஓய்வு, உரிந்தால் திரும்புவது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது செயற்கைக் கால் முதலில். கடைசிச் செங்குத்துப் படிகளில் கைபிடிக் கம்பி இருக்கிறது. அதுவரைக்கும் ஒரு தடி வேண்டும்.

காலில் பீஸ் இருக்கிறவர்களும் நரம்பு அறுந்து பாதம் விறைத்தவர்களும் நீரிழிவுக்காரரும் கொப்புளத்தை உணர மாட்டார்கள். வலிக்கும்வரை காத்திராமல் மணிக்கொருமுறை கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும்.

தடத்தை விட்டு விலகாதே என்று வன்னிப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தேவையில்லை. மிதிவெடிக் காலத்தில் படித்தது. மலையகத்தில் மிதிவெடி இல்லை, ஆனால் பற்றைக்கும் புல்லுக்கும் பின்னால் பள்ளம் இருக்கும்.

அண்ணனுக்கு ஏற ஏழு மணித்தியாலம், இறங்க அதற்கும் கூட. அன்றைக்கே ஹட்டனுக்குப் போய் பஸ் பிடிக்கும் திட்டத்தோடு வராதீர்கள். நல்லதண்ணியில் இரண்டாவது இரவுக்கும் அறையை முதலே பேசி வையுங்கள்.