மனைப்பிரிவும் ஊர்மன்றமும்



ஒரு தோப்போ வயலோ வீட்டுமனைகளாக மாறுவதற்கு முன்னர் அதற்கென ஒரு வரைபடம் எழுதப்படுகிறது. அவ்வரைபடத்தில் எண்ணிட்ட கட்டங்கள் பல இருக்கும்; அவற்றுக்கு நடுவே எண்ணிடாத இடங்களும் சில இருக்கும். எண்ணிட்டவை விலைக்கு வரும் மனைகள். எண்ணிடாதவை தெரு, பூங்கா, வாய்க்கால், நடைபாதை ஆகியவை. மனை வாங்க வருகிறவர் தமக்குரிய கட்டத்தையே உற்று நோக்குகிறார். விற்பவரும் அதையே விரல்வைத்துக் காட்டுகிறார். எண்ணிடாத இடங்களைப் பற்றிக் கவலை கொள்ள வேண்டியது ஊராரின் மன்றம். அம்மன்றம் அக்கடமையை எவ்வாறு பெற்றது, எங்கே நிறைவேற்றியது, எங்கே தவறியது என்பனவற்றை வரலாற்று முறையில் இன்று உங்களோடு எண்ணிப் பார்க்க விழைகிறேன்.

நான் அய்யம்பாளையத்தைச் சேர்ந்தவன். திண்டுக்கல் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில், கீழ்ப்பழனி மலையின் அடிவாரத்தில் அமைந்த பேரூர் அது. மலைமீது பெய்யும் மழை மருதாநதியாய் இறங்கி, ஊரருகே அணையில் தேங்கி, வாய்க்கால்கள் வழியே வயலுக்கும் தென்னந்தோப்புக்கும் செல்கிறது. இத்தகைய ஊரில் தோப்பு ஒன்றை மனைகளாகப் பிரிக்க ஒருவர் விண்ணப்பித்தால், பேரூராட்சி மன்றத்தார் அவரிடம் எவ்வெவற்றைக் கேட்க வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கு ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வது நலம்.

முதலாம் இராசராசன் தஞ்சைப் பெரிய கோயிலுக்குப் பல ஊர்களின் வருவாயை அளித்தான். அவற்றின் விவரம் கோயிலில் கல்லில் வெட்டப்பட்டுள்ளது. ஓர் ஊரின் மொத்த நிலப்பரப்பு இவ்வளவு என முதலில் கூறப்படுகிறது. பின்னர் அதிலிருந்து குடியிருக்கும் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், சேரிகள், சுடுகாடு ஆகியவை கழிக்கப்படுகின்றன. எஞ்சிய நிலத்துக்கே வரி. வேலிக் கணக்கிலும் அதன் மிக நுண்ணிய பின்னங்களிலும் இக்கணக்கு எழுதப்பட்டிருக்கிறது. அரசனுக்கு வருவாய் வேண்டும். எனினும் குளத்தின்மீதும் வாய்க்காலின்மீதும் அவன் வரி விதிக்கவில்லை. அவை ஒருவருக்கும் தனியுடைமை ஆகாதவை என்னும் தெளிவு அக்காலத்திலேயே இருந்தது.

அவ்வாறு பொதுவாக விடப்பட்டவற்றைப் பேணியவர் யார்? உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் விடை தருகின்றன. முதலாம் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்டவை அவை. அவ்வூர்ச் சபையில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனத் தனித்தனிக் குழுக்கள் இருந்தன. முப்பது குடும்புகளிலிருந்து குடவோலை முறையில் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவர் மீண்டும் தகுதி பெறார். அவருடைய உறவினரும் தகுதி பெறார்! பொதுச்சொத்தைக் காப்பவரின் கை தூய்மையாக இருக்க வேண்டும் என்பதில் அவர்கள் காட்டிய கண்டிப்பு வியப்பூட்டுகிறது.

ஆயினும் பழமையைப் போற்றும்போது அதன் குறையை மறைத்தல் தகாது. அச்சபை எல்லார்க்கும் திறந்திருந்த மன்றமன்று. அது அந்தணர் குடியிருப்பின் சபை. சொந்த மனையும் வரி செலுத்தும் நிலமும் உடையவரே அதில் இடம்பெற இயலும். தஞ்சைக் கல்வெட்டுகள் கூறும் ஊர்களிலோ சேரிகள் தனியே ஒதுங்கிக் கிடந்தன. குளம் ஊருக்குப் பொது என்றனர்; அந்த ஊருக்குள் எல்லாரையும் சேர்த்தாரில்லை. இக்குறை நீங்கப் பல நூற்றாண்டுகள் ஆயின.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1858ஆம் ஆண்டு முதல் சென்னை மாகாணத்து நிலங்கள் முறையாக அளக்கப்பட்டன. ஒவ்வொரு வயலுக்கும் எண் இட்டனர். மூலைகளில் கல் நட்டனர். வரிவிதிப்புக்குப் புறம்பான நிலத்தைப் 'புறம்போக்கு' என்று பதிவேட்டில் எழுதினர். ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்ச்சல் நிலம், இடுகாடு ஆகியன இவ்வகையில் அடங்கின. இன்று அச்சொல் வசைச்சொல்லாகிவிட்டது. எனினும் பதிவேட்டைப் புரட்டிப் பார்ப்பவர், ஊரார் அனைவர்க்கும் உரிய சொத்து அச்சொல்லின் கீழேதான் எழுதப்பட்டிருக்கக் காண்பர்.

இனி நகரங்களின் பக்கம் திரும்புவோம். 1914ஆம் ஆண்டு பாட்ரிக் கெடிஸ் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர் நகரமைப்புக் கண்காட்சி ஒன்றை நடத்த இந்தியாவுக்கு வந்தார். அவருடைய படங்களையும் வரைபடங்களையும் ஏற்றிவந்த கப்பலை ஜெர்மானியப் போர்க்கப்பலான எம்டன் கடலில் மூழ்கடித்தது. சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன்தான்! கெடிஸ் தளரவில்லை. நண்பர்கள் மீண்டும் திரட்டி அனுப்பிய படங்களைக் கொண்டு 1915 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தில் கண்காட்சியை நடத்தினார். ஓர் ஊரை மாற்ற நினைப்பவன் முதலில் அதன் தெருக்களில் நடந்து, அங்குள்ள மக்களையும் மரங்களையும் குளங்களையும் அறிய வேண்டும் என்பது அவர் கொள்கை. கோடு கிழித்தாற்போல் நேர்த்தெருக்களை அமைப்பதற்காக வீடுகளை இடித்துத் தள்ளுவதை அவர் கண்டித்தார்.

இதே 1915ஆம் ஆண்டில் பம்பாயில் நகரமைப்புச் சட்டம் பிறந்தது. சென்னை மாகாணத்தில் அத்தகைய சட்டம் 1920இல் இயற்றப்பட்டது. நகராட்சி மன்றங்கள் தாமே புதுக்குடியிருப்புகளுக்குத் திட்டம் தீட்டலாம். அரசின் இசைவோடு அவற்றை நிறைவேற்றலாம் என்னும் நிலை இச்சட்டத்தால் ஏற்பட்டது. அதன் பெரும் சோதனைக்களம் மாம்பலம்.

1921இல் சென்னை நகரின் மக்கள்தொகை ஏறத்தாழ 5 லட்சத்து 27 ஆயிரம். பழைய நகரப்பகுதிகளில் நெரிசல் மிகுந்தது. நகருக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கு நோக்கி நீண்ட ஏரியொன்று கிடந்தது. 1923இல் தொடங்கி அவ்வேரியின் பெரும்பகுதி வடிக்கப்பட்டு, அங்கே தியாகராய நகர் எழுந்தது. சென்னை மாநகராட்சியின் தலைவராக விளங்கிய சர் பிட்டி தியாகராயரின் பெயரை அது தாங்கியது. நடுவே ஒரு பூங்கா; அதிலிருந்து பல திசைகளிலும் செல்லும் அகன்ற சாலைகள். அப்பூங்காவுக்கு அந்நாளைய முதலமைச்சர் பனகல் அரசரின் பெயர் அமைந்தது. விற்கப்படாத இடத்தையே நடுவில் வைத்து அதைச் சுற்றி மனைகளை வகுத்த திட்டம் அது. இன்று தியாகராய நகரின் கடைத்தெருக்களில் நெருக்குண்டு வருகிறவர், பனகல் பூங்காவின் மரநிழலை அடைந்ததும் அதன் அருமையை உணர்வர்.

இந்நகரோடு எங்கள் பகுதிக்கும் ஓர் உறவு உண்டு. அங்குள்ள புகழ்பெற்ற பாண்டி பஜாருக்குச் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்பது பெயர். அப்பெயருக்குரிய டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார் அய்யம்பாளையத்துக்கு அண்டை ஊரான பட்டிவீரன்பட்டியைச் சேர்ந்தவர். 1929இல் செங்கற்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை ஏற்றவர். ஜில்லா போர்டுத் தலைவராய் இருந்தபோது, தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று அவர் ஆணையிட்டார். சாலையை அமைத்தல் மட்டும் போதாது, அச்சாலையில் செல்லும் உரிமை எல்லார்க்கும் வேண்டும் என்பதை உள்ளாட்சியின் வாயிலாகவே நிலைநாட்டினார். சோழர்காலச் சபை செய்யத் தவறியதை நம் காலத்து மன்றம் செய்ய இயலும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

ஆனால் மாம்பலத்தின் கணக்கில் ஒரு பற்றும் உண்டு. தெருவும் பூங்காவும் பெற்றோம், ஏரியை இழந்தோம். நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த பகுதியும் 1970களில் மறைந்தது. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் அவ்வேரி நிலத்தில்தான் நிற்கிறது. மேற்கு மாம்பலத்தில் இன்றும் 'லேக் வியூ ரோடு' என்று ஒரு தெரு உள்ளது. அங்கிருந்து பார்க்க ஏரிதான் இல்லை. 2015 டிசம்பரிலும் 2021 நவம்பரிலும் பெருமழை பெய்தபோது மாம்பலத்துத் தெருக்களில் நீர் நின்றது. மனிதன் வரைபடத்தை மாற்றி எழுதினாலும் நீர் தன் பழைய வழியை மறப்பதில்லை. 1923ஆம் ஆண்டுத் திட்டக்காரர்கள் தீயவர் அல்லர். வீடற்றோர்க்கு வீடு வேண்டும் என்று எண்ணியவரே. ஆனால் நீருக்கும் ஓர் இடம் வேண்டும் என்பது அவர்கள் கணக்கில் சேரவில்லை.

விடுதலைக்குப் பின், தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971இல் வந்தது. மனைப்பிரிவுக்கு முன்னரே இசைவு பெறுதல் கடமையாயிற்று. நகர் ஊரமைப்புத் துறை வரைபடத்தை ஆராய்ந்து நுட்ப ஒப்புதல் தரும். உள்ளாட்சி அதன்மேல் இறுதி ஒப்புதல் வழங்கும். தெருக்களைப் பொதுமக்களின் பெயரில் உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவாயின், தெருக்கள் போக எஞ்சிய பரப்பில் பத்தில் ஒரு பங்கையும் பொதுத்திடலாக அவ்வாறே தருதல் வேண்டும்.

ஓர் எளிய கணக்கைப் பாருங்கள். ஐந்து ஏக்கர் தோப்பு என்பது 500 சென்ட். தெருக்களுக்கு 120 சென்ட் போயிற்று எனக் கொள்வோம். எஞ்சியது 380 சென்ட். அதில் பத்தில் ஒன்று 38 சென்ட். வருங்காலத்தில் அங்கே வாழப்போகும் குழந்தைகள் ஓடியாடுவதற்கு எஞ்சும் இடம் அவ்வளவே. விண்ணப்பம் வந்த அன்று மன்றம் அதைக் கேட்டுப் பெறாவிடில், பின்னர் எவ்விலை கொடுத்தும் அதனைப் பெற முடியாது.

சட்டம் இருந்தும் ஒப்புதல் பெறாத மனைப்பிரிவுகள் நாடெங்கும் பெருகின. வயலில் வண்ணக்கல் நட்டு, மனைகளை விற்றுவிட்டு, விற்றவர் போய்விடுவார். வாங்கியவர் யார்? பெரும்பாலும் வாழ்நாள் சேமிப்பைக் கொண்டுவந்த ஆசிரியர், ஓட்டுநர், சிறு வணிகர், மகளின் நகையை அடகு வைத்த தாய். வீடு கட்டப் போகும்போதுதான் தெரு தம் ஊராட்சிக்கு உரியதன்று என்பதும், மழைநீர் செல்ல வழியில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியவரும். 2016ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம், ஒப்புதல் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்தல் கூடாது எனத் தடை விதித்தது. மறு ஆண்டு அரசு வரன்முறை விதிகளை வெளியிட்டு, 2016 அக்டோபர் 20க்கு முன் விற்கப்பட்ட மனைகளுக்குக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ள வழி செய்தது. வாங்கியவரின் துயர் ஓரளவு தணிந்தது. இழந்த வாய்க்கால் திரும்பவில்லை.

இவ்விடத்தில் மற்றொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2016 அக்டோபரில் தமிழகத்து நகர்ப்புற மன்றங்களின் பதவிக்காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19ஆம் நாள்தான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பேரூராட்சிகளில் மக்கள் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லை; தனி அலுவலர்களே பணியாற்றினர். வரைபடத்தைப் பார்த்து, "ஐயா, இங்கே ஒரு வாய்க்கால் இருந்ததே!" என்று எழுந்து கூறும் உள்ளூர் உறுப்பினர் ஒருவரும் அக்காலத்தில் அவையில் இல்லை. அலுவலர் சட்டம் அறிவார். ஊரின் நினைவை அறிந்தவர் ஊராரே.

மலைநாட்டுக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு தேவை. சரிவில் ஓர் ஓடையை மூடினால் அதன் விளைவைக் கீழே உள்ள ஊர் சுமக்கும். இதனை உணர்ந்தே தமிழக அரசு 1990இல் மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தை அமைத்தது. கொடைக்கானலுக்கு 1993இல் முழுமைத் திட்டம் வகுக்கப்பட்டது. ஆயினும் விதியை மீறிய கட்டடங்கள் அங்கே எழுந்தன. 2019இல் நீதிமன்ற ஆணையின்படி அவற்றுள் பலவற்றுக்கு முத்திரையிட நேர்ந்தது. கட்டி முடித்த வீட்டைப் பூட்டுவதனால் உரிமையாளருக்கும் நட்டம், அங்கே வேலை செய்தவருக்கும் நட்டம், மலைக்கும் நட்டம். கோடு காகிதத்தில் இருக்கும்போதே கேள்வி கேட்பது எல்லார்க்கும் நன்மை.

ஆகவே, எங்கள் அய்யம்பாளையம் போன்ற ஊர் மன்றத்தின்முன் ஒரு மனைப்பிரிவு வரைபடம் வைக்கப்படும்போது கேட்க வேண்டியவை சிலவே. இந்நிலத்தினூடே செல்லும் வாய்க்கால் எது? அதன் கடைமடையில் யாருடைய வயல் உள்ளது? தெருவும் திடலும் ஊரின் பெயரில் எழுதப்பட்டனவா? திடலுக்கு ஒதுக்கியது நல்ல நிலமா, எவரும் வாங்காத மூலையா? மழைநீரும் கழிவுநீரும் எங்கே போகும்? குடிநீர் எங்கிருந்து வரும்? பழைய நடைபாதை எல்லார்க்கும் திறந்திருக்குமா? இவற்றுக்கு நேரிய விடை தரும் விண்ணப்பத்தை மன்றம் மகிழ்ந்து ஏற்கலாம். மக்கட்கு வீடு வேண்டும். வீடு கட்டுவதை வெறுத்து எவ்வூரும் வாழ்ந்ததில்லை.

மாணவ நண்பர்களே, நீங்கள் கல்வெட்டுப் பாடத்தில் ஏரி வாரியத்தைப் படித்து மதிப்பெண் பெறுகிறீர்கள். அத்துடன் நில்லாது, உங்கள் ஊரின் புல வரைபடத்தை ஒருமுறை பாருங்கள். பள்ளிக்குச் செல்லும் வழியில் நீங்கள் தாண்டும் ஓடைக்கு என்ன எண், அதன் அகலம் எவ்வளவு எனக் கண்டறியுங்கள். பின்னர் நேரில் சென்று அளந்து பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால் உங்கள் ஊர் மன்றம் தன் பணியைச் செய்திருக்கிறது. ஒவ்வாதிருந்தால், வாக்களிக்கும் வயது வந்ததும் நீங்கள் கேட்க வேண்டிய முதற்கேள்வி எது என்பதை அந்த அளவுநாடாவே உங்களுக்குச் சொல்லும்.