களிமண் தாதுக்கள், பன்றித் தீவனத்தில்

பூஞ்சை நச்சுகளை ஈர்த்துக்கொள்ளவும் குட்டிகளின் கழிச்சலைக் குறைக்கவும் பன்றித் தீவனத்தில் சிறு அளவில் கலக்கப்படும் சிலிகேட் தாதுக்கள். பெண்டோனைட், கயோலின் ஆகியவை முக்கியமானவை. களிமண் அல்லாத சியோலைட்டும் இவ்வகையில் சேர்த்தே பேசப்படுகிறது. இந்தியாவில் பெண்டோனைட் குஜராத்தின் கட்ச், ராஜஸ்தானின் பார்மர் பகுதிகளில் வெட்டப்படுகிறது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. காரணம் தேடியபோது, கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை உண்டாக்கிய அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டது. காரைக்குடி, சிவகங்கை வட்டாரத்துப் பன்றி வளர்ப்போருக்கு இது தொலைதூரச் செய்தியன்று. வடகிழக்குப் பருவமழையில் ஈரமேறிய கடலைப் பிண்ணாக்கிலும் மக்காச்சோளத்திலும் இதே பூஞ்சை வளரும். நச்சு பன்றியின் கல்லீரலைக் கெடுத்து வளர்ச்சியைக் குன்றச் செய்கிறது. குட்டிகளே அதிகம் பாதிக்கப்படுகின்றன.

பெண்டோனைட்டிலுள்ள மாண்ட்மோரிலோனைட்டின் நுண்ணடுக்குகளுக்கிடையே அஃப்ளாடாக்சின் மூலக்கூறுகள் சிக்கி, குடலில் உறிஞ்சப்படாமல் சாணத்துடன் வெளியேறுகின்றன. சியராலெனோன் போன்ற பிற நச்சுகளிடம் இதன் ஆற்றல் குறைவு. 'எல்லா நச்சும் போகும்' என்ற விற்பனைக் கூற்று ஏற்கத்தக்கதன்று. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அஃப்ளாடாக்சின் பி1-ஐக் குறைக்கும் பொருளாக பெண்டோனைட்டை ஏற்றது. உச்ச அளவு கிலோ தீவனத்துக்கு 20 கிராம். மிகுந்தால் சில மருந்துகளின் செயலும் தடைபடும். டையாக்சின் கலந்த களிமண் 1990களில் தீவனத்துக்குள் புகுந்ததால், வாங்கும் களிமண்ணுக்குத் தூய்மைச் சான்று தேவை. வயற்களிமண்ணையோ ஓட்டுக்களிமண்ணையோ கலக்கக் கூடாது. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகத்தில் அஃப்ளாடாக்சின் அளவைச் சோதித்துக்கொள்ளலாம்.