முடிந்த வேலைக்கு வராத பணம்

2019 நவம்பர் 27 அன்று இந்திய உச்ச நீதிமன்றம், நடுவர் தீர்ப்பாயச் சட்டத்தில் மூன்றே மாதங்களுக்கு முன் சேர்க்கப்பட்டிருந்த 87ஆம் பிரிவைச் செல்லாது என்று அறிவித்தது. வழக்கைத் தொடுத்தது 1926இல் பம்பாயில் தொடங்கப்பட்ட இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனி. பரக்கா தடுப்பணை, இடுக்கியின் வளைவு அணை, பாந்திரா-வொர்லி கடற்பாலம் ஆகியவற்றைக் கட்டிய நிறுவனம் அது. தான் செய்த வேலைக்கு நடுவர்கள் கொடுக்கச் சொன்ன பணத்தைப் பெற, அது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்பைத் துணைக்கு அழைக்க வேண்டியிருந்தது. ஒப்பந்தக்காரர் ஒருவர் இந்த இடத்துக்கு வந்து நின்றது எப்படி என்பதில், இந்தியக் கட்டுமானத் தொழிலின் ஒரு நூற்றாண்டு அடங்கியிருக்கிறது.

நிறுவனர் வால்சந்த் ஹீராசந்த் 1882இல் சோலாப்பூர் சமண வணிகக் குடும்பத்தில் பிறந்தவர். குடும்பத் தொழிலை விட்டு, லட்சுமண்ராவ் பாடக்குடன் கூட்டுச் சேர்ந்து, பார்சி குறும்பாதை ரயில்வேயின் ஒப்பந்த வேலையில் இறங்கினார். பொறியியல் படித்தவர் அல்லர். ஒப்பந்தத்தில் கூலி வாரந்தோறும் வெளியே போகும், பட்டியல் பணமோ அதிகாரி கையெழுத்திட்ட பிறகே உள்ளே வரும் என்பதையும், இரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களைத் தாக்குப்பிடிப்பவரே தொழிலில் நிலைப்பார் என்பதையும் வணிகக் குடும்பத்துப் பிள்ளைக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை.

நிறுவனம் பிறந்த காலமும் நல்ல காலமன்று. முதல் உலகப் போருக்குப் பிந்தைய பெருக்கத்தில் பம்பாய் அரசு தொடங்கிய திட்டங்கள் 1920களின் நடுவில் சரிந்துகொண்டிருந்தன. தொழிலாளர்களுக்காக 50,000 குடியிருப்புகள் கட்டத் திட்டமிட்ட வளர்ச்சித் துறை, சுமார் 16,000 கட்டியதோடு நிறுத்திக்கொண்டது. அவற்றிலும் பல ஆளின்றிக் கிடந்தன. பேக் பே கடல்தூர்ப்புத் திட்டம் ஊழல் குற்றச்சாட்டிலும் விசாரணையிலும் சிக்கியது. அந்தச் சூழலில் வால்சந்தின் நிறுவனத்துக்குக் கை கொடுத்தது ரயில்வே. பம்பாய்-புனே தடத்தில், போர் காட் மலைச்சரிவில் ரயில்கள் நின்று திசை மாறி ஏற வேண்டியிருந்த பழைய அமைப்பு, புதிய சுரங்கப்பாதைகளின் வழியாக 1929இல் கைவிடப்பட்டது. இந்தியருக்கு இவ்வளவு பெரிய சுரங்க வேலை வருமா என்ற ஐயம் பரவலாக இருந்த காலம் அது.

சுதந்திரத்துக்குப் பின் நிலைமை வேறு வகையில் கடினமானது. வேலைக்குப் பஞ்சமில்லை, ஆனால் கொடுப்பவர் ஒருவர்தான். அணை, பாலம், மின்நிலையம், நெடுஞ்சாலை என எதை எடுத்தாலும் எதிர்ப்பக்கத்தில் கையெழுத்திடுவது மத்திய அரசோ, மாநில அரசோ, அவற்றின் வாரியமோ. இங்குதான் ஒப்பந்தத்தின் உள்ளமைப்பைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏலத்தில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. அவர் வங்கி உத்தரவாதம் தர வேண்டும். அளவுப் புத்தகத்தில் பதிந்த வேலைக்கு மட்டும் அவ்வப்போது பில் தொகை. அதிலும் ஒரு பங்கு பிடித்து வைக்கப்படும். நிலம் கையகப்படுத்தப்படாமல் ஆறு மாதம் போனாலும், ஆய்வறிக்கை மண் என்று சொன்ன இடத்தில் பாறை வந்தாலும், வரைபடம் தாமதமானாலும் இயந்திரங்களின் வாடகையும் ஆட்களின் சம்பளமும் நிற்பதில்லை. அந்தக் கூடுதல் செலவுக்கு ஒப்பந்தக்காரர் கோரிக்கை வைப்பார், துறை மறுக்கும், விவகாரம் நடுவரிடம் போகும்.

நடுவர் ஒப்பந்தக்காரர் பக்கம் தீர்ப்பளித்தாலும் பணம் வருவதில்லை. 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி, 34ஆம் பிரிவின்கீழ் நீதிமன்றத்தில் ஆட்சேபம் தாக்கல் செய்தாலே தீர்ப்பின் நிறைவேற்றம் தானாக நின்றுவிடும் என்று 2003 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது. சட்டத்தின் நோக்கத்தையே இது குலைக்கிறது என்று குறிப்பிட்டு, திருத்தம் தேவை என்பதையும் அதே தீர்ப்பு சொன்னது. திருத்தம் வர ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. அதுவரை எந்த அதிகாரியும் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? கொடுத்தால் தணிக்கைக் குறிப்பும் விஜிலென்ஸ் விசாரணையும் வரலாம். மேல்முறையீடு செய்தால் யாரும் கேட்கப்போவதில்லை. வட்டி ஏறுவது அவர் பணமன்று. இதைத் தனிமனித நேர்மையின்மை என்று எழுதுவோர் உண்டு. அலுவலகத்தின் தர்க்கம் அதைவிட எளிமையானது, அதனாலேயே மாற்றக் கடினமானது.

நல்ல காலத்தில் இந்தத் தாமதம் வெளியே தெரிவதில்லை. 2000களின் நடுவில் தனியார் பங்கேற்புடன் நெடுஞ்சாலைகள் ஏலத்துக்கு வந்தபோது வங்கிகள் தாராளமாகக் கடன் கொடுத்தன. புதிய வேலையின் முன்பணம் பழைய வேலையின் நிலுவையை மறைத்தது. ஒப்பந்தக்காரர்களே சுங்கச்சாலைகளின் உரிமையாளர்களாயினர். 2011-12 வாக்கில் கடன் வறண்டது. நில எடுப்புச் சிக்கலில் திட்டங்கள் நின்றன. இந்துஸ்தான் கன்ஸ்ட்ரக்‌ஷன் 2012இல் கடன் மறுசீரமைப்புக்குப் போனது. இங்கு நிறுவனத்தின் பிழையையும் சொல்லாமல் விட முடியாது. புனேக்கு அருகில் லவாசா என்ற மலைநகரத்தைத் தானே எழுப்ப முனைந்து பெருங்கடன் வாங்கியது அது. 2010 நவம்பரில் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தியது. 2018இல் லவாசா திவால் தீர்ப்பாயத்துக்குச் சென்றது. பழியை எல்லாம் அரசின் மீது போடும் நிறுவன வரலாறுகள் இந்தப் பக்கத்தை வேகமாகப் புரட்டிவிடுகின்றன.

ஆயினும் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க இயலாது. லவாசா எடுத்த துணிச்சலுக்குச் சந்தை விலை கேட்டது. முடிந்த வேலைக்கு நடுவர் உறுதிசெய்த பணம் வராததில் துணிச்சல் எதுவும் இல்லை. அரசும் இதை அறிந்திருந்தது. 2016 ஆகஸ்டு 31 அன்று மத்திய அமைச்சரவைக் குழு, வழக்கில் இருக்கும் நடுவர் தீர்ப்புகளில் 75 விழுக்காட்டைவங்கி உத்தரவாதத்தின் பேரில் விடுவிக்க ஒப்புதல் அளித்தது. அத்தொகை தனிக்கணக்கில் செலுத்தப்பட்டு, முதலில் வங்கிக் கடனுக்கே போக வேண்டும் என்பது நிபந்தனை. தன் பணத்தின் முக்கால் பங்கைப் பெற ஒப்பந்தக்காரர் வங்கியிடம் புதிதாக உத்தரவாதம் வாங்க வேண்டும். வந்த பணமும் வங்கிக்கே திரும்பும். அதே ஆண்டு வந்த திவால் சட்டம் இன்னொரு முனையிலிருந்து அழுத்தியது. சிமெண்டும் கம்பியும் விற்றவர் நிறுவனத்தின் மீது திவால் மனு போடலாம். நிறுவனம் நெடுஞ்சாலை ஆணையத்தின் மீது போட முடியாது.

2015 திருத்தம் தானியங்கித் தடையை நீக்கியிருந்தது. அது பழைய நடுவர் விவகாரங்களிலிருந்து எழும் நீதிமன்ற வழக்குகளுக்கும் பொருந்தும் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. 2019 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சேர்த்த 87ஆம் பிரிவு அதைத் தலைகீழாக்கியது: 2015 அக்டோபர் 23க்கு முன் தொடங்கிய விவகாரங்களுக்குத் தடை மீண்டும் உயிர்பெறும். நெருக்கடியில் இருந்த நிறுவனங்களின் பெருந்தொகைகள் சிக்கிக் கிடந்தது இந்தப் பழைய விவகாரங்களில்தான். நீதிபதி ரோஹின்டன் நாரிமன் எழுதிய தீர்ப்பு, அப்பிரிவை வெளிப்படையான தன்னிச்சைத்தன்மை கொண்டது என்று நீக்கியது. திவால் சட்டம் பற்றிய வாதத்தை மட்டும் ஏற்கவில்லை. நெடுஞ்சாலை ஆணையம் அரசின் நீட்சி, அதைத் தனியார் தீர்வாளர் கையில் ஒப்படைக்க முடியாது என்றது.

வென்ற பிறகும் கணக்கு நேராகவில்லை. 2022இல் நிறுவனம் தன் கடனில் ஒரு பெரும்பகுதியையும், அதற்கு ஈடாக நடுவர் தீர்ப்புகளையும் கோரிக்கைகளையும் சேர்த்து ஒரு தனி நிறுவனத்துக்கு மாற்றியது; வராத பணமே கடன்காரர்களுக்கான சொத்தாயிற்று. 2023இல் மத்திய அரசு அறிவித்த சமரசத் திட்டம், நீதிமன்றம் உறுதிசெய்த தொகையில் 85 விழுக்காடும் நடுவர் தீர்ப்பாயம் மட்டும் வழங்கியதில் 65 விழுக்காடும் வரை தர முன்வந்தது. ஒப்புக்கொண்டவர்கள் மீதியைக் கைவிட வேண்டும். 2024 ஜூன் 3 அன்று நிதி அமைச்சகம் வெளியிட்ட குறிப்பாணை ஒரு படி மேலே சென்றது: அரசு ஒப்பந்தங்களில் நடுவர் முறையை வழக்கமாகச் சேர்க்க வேண்டாம், பத்துக் கோடி ரூபாய்க்குக் குறைவான தகராறுகளோடு அதை நிறுத்திக்கொள்ளலாம் என்று அது வழிகாட்டியது. அணைக்கும் சுரங்கத்துக்கும் ஏலம் கேட்பவர்கள் இப்போது அந்தக் குறிப்பாணையையும் கையில் வைத்துக்கொண்டுதான் விலை எழுதுகிறார்கள்.