ஆஸ்திரேலியாவில் புகலிட மறுப்பும் நீதிப்புனராய்வும்

பாதுகாப்பு விசா மறுக்கப்பட்ட ஒருவர், அந்த முடிவு சட்டப்படி எடுக்கப்பட்டதா என ஆராயுமாறு நீதிமன்றத்தை நாடுவது நீதிப்புனராய்வு எனப்படும். அவர் உண்மையில் அகதிதானா என்பதை நீதிமன்றம் தீர்மானிப்பதில்லை. சட்டம் சரியாகப் புரிந்துகொள்ளப்பட்டதா, அவர் சொன்ன காரணங்கள் அனைத்தும் கருதப்பட்டனவா, பதில் சொல்ல வாய்ப்பு தரப்பட்டதா என்பதையே பார்க்கும். பிழை தெரிந்தால் கோரிக்கை பொதுவாக மறுவிசாரணைக்குத் திரும்பும். வழக்கில் வென்றாலே விசா கிடைத்துவிடும் என்று பலர் எண்ணுவது சரியன்று.

ஆஸ்திரேலியாவில் இவ்வுரிமையின் வேர் 1901-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 75-ஆம் பிரிவில் உள்ளது. மத்திய அரசின் அலுவலருக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் நேரடியாக வழக்குத் தொடர அதன் ஐந்தாம் உட்பிரிவு வழிசெய்கிறது. (அங்கு உயர் நீதிமன்றம் என்பதே நாட்டின் உச்ச நீதிமன்றம்.) 2001 ஆகஸ்டில் டாம்பா கப்பல் விவகாரம் எழுந்த பின், குடிவரவு முடிவுகள் இறுதியானவை, எந்த நீதிமன்றமும் அவற்றைக் கேள்வி கேட்க முடியாது என நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. 2003 பிப்ரவரி 4 அன்று எஸ்157 வழக்கில் உயர் நீதிமன்றம் அச்சட்டப்பிரிவை நீக்கவில்லை. அதிகார வரம்பை மீறிய முடிவு சட்டத்தின் பார்வையில் முடிவே அல்ல, எனவே அந்தத் தடை அதைக் காக்காது என்றது.

ஈழத்தமிழரோடு நேரடித் தொடர்புடையது எம்61 வழக்கு. மனுதாரர்கள் இருவர், இருவரும் 2009-இல் கிறிஸ்துமஸ் தீவுக்குப் படகில் வந்த இலங்கையர். புகலிட வழக்குகளில் மனுதாரர் பெயரை நீதிமன்றம் வெளியிடக் கூடாது என்பதால் எண்களாலேயே அறியப்படுகின்றனர். அத்தீவு 2001-இலேயே குடிவரவு வலயத்திலிருந்து விலக்கப்பட்டிருந்தது. அமைச்சர் தாமாக அனுமதித்தாலன்றி அங்கு வந்தவர்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கவே இயலாது. இருவரின் கோரிக்கையையும் முதலில் அதிகாரிகளும், பின்னர் தனியார் நிறுவனம் வழியே அமர்த்தப்பட்ட மறுஆய்வாளரும் நிராகரித்தனர்.

இந்த ஆய்வு சட்டத்துக்கு வெளியே நடப்பது, அமைச்சருக்குக் கடமை ஏதுமில்லை என்று அரசு வாதிட்டது. 2010 நவம்பர் 11 அன்று ஏழு நீதிபதிகளும் ஒரே தீர்ப்பாக அதை மறுத்தனர். ஆய்வு முடியும்வரை மனிதர்கள் காவலில் வைக்கப்படுகிறார்கள். அப்படியிருக்க, அந்த ஆய்வு சட்டத்துக்குக் கட்டுப்பட்டும் நடைமுறை நியாயத்துடனும் நடந்தாக வேண்டும் என்பதே அவர்களின் தர்க்கம். எம்61-இன் ஒரு காரணம் ஆராயப்படவே இல்லை. நாட்டு நிலவரம் பற்றி ஆய்வாளர் நம்பிய தகவல்கள் இருவரிடமும் காட்டிக் கருத்துக் கேட்கப்படவில்லை.

ஆனாலும் அமைச்சருக்கு உத்தரவு எதுவும் பிறப்பிக்கப்படவில்லை. அவருக்குக் கடமை இல்லாத இடத்தில் கட்டளையிட முடியாது. ஆய்வில் சட்டப்பிழை உள்ளது என்ற பிரகடனம் மட்டுமே கிடைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது: தீவில் மறுக்கப்பட்ட மற்றவர்களுக்கும் நீதிமன்ற வாசல் அதன்பின் திறந்தது.

இன்று மறுக்கப்பட்டவர் முடிவு எடுக்கப்பட்ட நாளிலிருந்து 35 நாள்களுக்குள் கூட்டாட்சிச் சுற்று மற்றும் குடும்ப நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் காலநீட்டிப்புக் கோரலாம்.