விழுப்புரத்திலிருந்து விண்வெளிக்கு

உளுந்தூர்பேட்டையில் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஆங்கிலேயர் ஒரு விமானதளம் அமைத்தார்கள். போர் ஓய்ந்ததும் படை கிளம்பிவிட்டது. ஓடுபாதை மட்டும் தங்கியது. 2019 வரை விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த ஊர் அது. விமானங்கள் இறங்கிய மண்ணில் விமானத் தொழில் வேர்பிடிக்கவில்லை. 1940-இல் பெங்களூரில் தொடங்கிய ஹிந்துஸ்தான் விமான நிறுவனமே (ஹெச்.ஏ.எல்.) தென்னாட்டு விமானப் பொறியாளர்களின் பெரிய வேலைத்தலமாயிற்று. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யில் படித்த அப்துல் கலாமும் அங்கேதான் பயிற்சிக்குப் போனார்.

விழுப்புரத்துக்கு வாய்த்தது ரயில். சென்னை, திருச்சி, கடலூர், புதுச்சேரி, காட்பாடி என ஐந்து பக்கமும் தண்டவாளம் பிரியும் சந்திப்பு. ரயில்வே வேலையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் இங்கே நிலைபெற்றன.

அப்படியொரு ரயில்வே ஊழியரின் மகன்தான் ப. வீரமுத்துவேல். ஊரின் ரயில்வே பள்ளியில் படித்தார். இங்கேயே ஒரு தனியார் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்தார். பிறகு சென்னையில் பி.இ., திருச்சியில் எம்.இ. முதல் வேலை கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸில். நூற்பாலை இயந்திரம் செய்யும் நிறுவனம். அங்கிருந்து பெங்களூர் ஹெச்.ஏ.எல்.லின் ஹெலிகாப்டர் பிரிவு, அடுத்து இஸ்ரோ. செயற்கைக்கோளின் மின்னணுப் பெட்டிகளில் அதிர்வைத் தணிப்பது பற்றிச் சென்னை ஐ.ஐ.டி.யில் ஆய்வு செய்தார். 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியபோது அதன் திட்ட இயக்குநர் அவர்.

ஏரோநாட்டிகல் பட்டம் இல்லாமலே அவர் அங்கே போய்ச் சேர்ந்தார் என்பதை இந்த மாவட்டத்துப் பெற்றோர் கவனிக்க வேண்டும். விமான உதிரிபாகமும் முதலில் நுட்பமாகக் கடையப்பட்ட ஓர் உலோகத் துண்டுதான். அவர் வேலை பார்த்த அந்த நூற்பு இயந்திர நிறுவனமே பின்னாளில் விமான பாகங்கள் செய்யத் தொடங்கியது.

வேலைக்கு ஊரைவிட்டுப் போகும் நிலைதான் மாறவில்லை. தமிழ்நாட்டின் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்குச் சென்னை, ஓசூர், கோவை, சேலம், திருச்சி என ஐந்து முனையங்களைத் தேர்ந்தார்கள். சென்னைக்கும் திருச்சிக்கும் நடுவே இருக்கும் விழுப்புரம் அதில் இல்லை. திண்டிவனத்துக்கு வந்த சிப்காட் உணவுப் பூங்காவால் வேலை கிடைக்கும், நல்லதுதான். ஆனால் விமான பாகம் கடைய விரும்பும் திண்டிவனத்து மாணவருக்கு அருகில் இருப்பது ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து வல்லம் வடகால் விண்வெளிப் பூங்கா. அதற்கும் ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் போக வேண்டும். விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியல் கல்லூரிகள் இருக்கின்றன. அவற்றை ஒட்டி, துல்லியமாகக் கடையும் சி.என்.சி. பட்டறைகள் சிலவற்றையாவது அரசு கொண்டுவர வேண்டும்.