அணையை நொந்த பாடல்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் துயரிசையாகிய புளூஸ், காதற் பிரிவையே பாடுவதென்பர் பலர். வரலாற்று நிகழ்வுகளைச் சுமந்து நிற்கும் புளூஸ் பாடல்களும் உள. 1929ஆம் ஆண்டு யூன் மாதம், கன்சாஸ் ஜோ மக்கோயும் மெம்பிஸ் மினியும் நியூயோர்க் நகரில் கொலம்பியா நிறுவனத்துக்காக இசைத்தட்டிற் பதிவுசெய்த 'வென் த லெவி பிரேக்ஸ்' அத்தகையது. 'அணை உடையும்போது' என்பது அதன் பொருள். இருவரும் கிற்றார் மீட்ட, மக்கோய் பாடினார்.

இங்கு அணை எனப்படுவது நீர்த்தேக்கத்தின் அணையன்று. வெள்ளம் வயல்களுக்குள் புகாதவாறு மிசிசிப்பி ஆற்றின் இருமருங்கிலும் எழுப்பப்பட்ட நெடிய மண்கரையே அது. 1927 ஏப்ரல் 21ஆம் நாள், மிசிசிப்பி மாநிலத்தின் மவுண்ட்ஸ் லாண்டிங் என்னுமிடத்தில் அக்கரை உடைந்தது. அவ்வாண்டின் பெருவெள்ளம் ஏறத்தாழ 27,000 சதுர மைல் நிலப்பரப்பை மூழ்கடித்தது. 6 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுவாசலை விட்டு வெளியேறினர்.

அருகிலுள்ள கிரீன்வில் நகரில் சுமார் 13,000 கறுப்பின மக்கள், நீருக்கு மேலே எஞ்சிநின்ற அணையின்மீதே தஞ்சம் புகுந்தனர். மீட்புக் கப்பல்கள் வந்தன. பெரும்பாலும் வெள்ளையரே அவற்றில் ஏற்றப்பட்டனர். கறுப்பின மக்கள் ஒருமுறை வெளியேறின் மீண்டும் வாரார், பருத்தித் தோட்டங்களுக்கு ஆளிராது எனத் தோட்ட முதலாளிகள் அஞ்சியமையே காரணம். ஆயுதந்தாங்கிய தேசியக் காவற்படையினர் முகாமைக் காத்துநின்றனர். ஆண்கள் அடையாள அட்டை அணிந்து வேலை செய்தாலே உணவுப் பங்கீடு கிடைத்தது. செஞ்சிலுவைச் சங்கத்தின் நிவாரணம் இவ்வாறு கூலியாக அளக்கப்பட்டது.

இதனை அறிந்தபின் பாடலைக் கேட்டால் அதன் பொருள் ஆழமாகின்றது. பாடுபவர் ஆற்றை நோவதில்லை. அணையையே கொடியதென நோகின்றார். இரவு பகலாக அதில் உழைத்தவரும் அவரே. அது உடையும்போது ஒதுங்க இடமற்றவரும் அவரே. அழுதும் தொழுதும் பயனில்லை என்ற நிலையில், இனிய இல்லத்தைப் பிரிந்து செல்வதொன்றே அவர்முன் எஞ்சுகின்றது.

முதலாளிகள் அஞ்சியதே பின்னர் நிகழ்ந்தது. பல்லாயிரவர் சிக்காகோ போன்ற வடபுல நகரங்களுக்குப் பெயர்ந்தனர். மக்கோயும் மினியும் சிக்காகோவிலேயே குடியேறினர்.

1928இல் அமெரிக்க நாடாளுமன்றம் வெள்ளக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. கரைகள் வலுப்பெற்றன. கரைமேல் நிறுத்திவைக்கப்பட்டவர்களின் மனக்குறையோ இப்பாடலில் தங்கிவிட்டது. 1971இல் பிரித்தானிய இசைக்குழுவான லெட் செப்பெலின் இதனைத் தம் பாணியிற் பாடி உலகறியச் செய்தனர். எமது இளையோர் அவ்விசையைக் கேட்கும்போது, அதன் பின்னுள்ள முகாமின் கதையையும் நாம் அவர்களுக்கு எடுத்துரைப்போமாக.