சம்மதத்தின் சரித்திரம்

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து வன்னியம்பட்டியில் வயதுவந்த ஒரு பெண்ணுக்குப் பாலியல் அக்கிரமம் இழைக்கப்படுமாயின், அவ்வழக்கு மாவட்டத்தின் தலைமை நியாயஸ்தலம் அமைந்துள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் விசாரணைக்கு வரும். அங்கே முக்கியமாக ஆராயப்படுவது அவள் சம்மதித்தாளா என்பதே. எளியதாகத் தோன்றும் இக்கேள்விக்குத் தக்க இலக்கணம் வகுக்க நம் தேசத்துச் சட்டத்துக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

1860-இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டம், பெண்ணின் விருப்பத்துக்கு விரோதமாகவோ, சம்மதமின்றியோ, உயிருக்கு அஞ்சவைத்துப் பெற்ற சம்மதத்துடனோ நிகழும் புணர்ச்சியைப் பலாத்காரம் என்றது. பயத்தால் அளிப்பது சம்மதமாகாது என்று 90-ஆம் பிரிவு விலக்கியதேயன்றி, எது சம்மதம் என்று எங்கும் விளக்கவில்லை. 10 வயது நிரம்பிய சிறுமியும் சம்மதம் தரவல்லவள் என்றும், அவள் மனைவியாயின் கணவன்மீது அக்குற்றம் சாராது என்றும் அச்சட்டம் விதித்தது.

இவ்விதியின் கொடுமையை 1890-இல் கல்கத்தாவில் நேர்ந்த பூல்மணி என்னும் சிறுமியின் மரணம் அம்பலப்படுத்தியது. கணவனின் செயலால் அவள் உயிர் துறந்தும், 10 வயதைக் கடந்திருந்தாள் என்பதனால், கொடுங்காயம் விளைவித்த குற்றத்துக்காக அவனுக்கு ஓராண்டுக் கடுங்காவலே கிடைத்தது. மறு ஆண்டு, திலகர் முதலானோரின் எதிர்ப்பையும் மீறி அவ்வயது 12 ஆயிற்று. 1925-இல் மனைவிக்கு 13 என்றும் பிறருக்கு 14 என்றும் உயர்ந்தது.

வயது உயர்ந்ததே தவிர, ஸ்திரீயின் சம்மதத்தை அவள் சரீரத்துக் காயங்களைக்கொண்டு நிர்ணயிக்கும் வழக்கம் ஒழியவில்லை. 1972-இல் மகாராஷ்டிரத்தின் தேசாய்கஞ்ச் காவல் நிலையத்தில் பழங்குடிப் பெண் ஒருத்தி பலாத்காரத்துக்கு ஆளானதாகத் தொடரப்பட்ட வழக்கில், காயம் இல்லாமையையும் ஒரு காரணமாகக் காட்டி, 1978-இல் உச்ச நீதிமன்றம் காவலர் இருவரையும் விடுவித்தது. உபேந்திர பக்ஷி, லோத்திகா சர்க்கார் உள்ளிட்ட சட்டப் பேராசிரியர் நால்வர் வரைந்த பகிரங்கக் கடிதமும் மாதர் கிளர்ச்சியும் 1983-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு வழிகோலின: காவலர் வசம் இருந்த பெண்ணுடன் அவர்கள் உறவுகொண்டது நிரூபணமானபின், தான் சம்மதிக்கவில்லை என்று அவள் கூறினால், நியாயஸ்தலம் அதையே முதற்கண் மெய்யெனக் கொள்ள வேண்டும்.

ஆயினும் ஏட்டிலுள்ள சட்டம் ஏழைகளை எட்டத் தாமதித்தது. 1992 ஜூன் 20-இல் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியில் அரசு ஊழியரால் 18 பெண்கள் சீரழிக்கப்பட்டனர். குற்றஞ்சாட்டப்பட்டோருள் உயிரோடிருந்த 215 பேருக்கும் தண்டனை விதிக்கப்பட்டது 2011-இல்தான்.

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கூட்டுப் பலாத்காரக் கொடுமைக்குப்பின், சட்டத் திருத்தம் குறித்து ஆராய அமைக்கப்பட்ட நீதிபதி வர்மா குழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 2013-இல் சம்மதம் வரையறுக்கப்பட்டது: சொல்லாலோ சைகையாலோ, ஐயத்துக்கிடமின்றி, குறிப்பிட்ட அச்செயலுக்கு மனமுவந்து இசைவதே சம்மதம், எதிர்த்துப் போராடாமை மட்டுமே சம்மதமாகிவிடாது. பின்தொடர்தலும், மறைந்து நோக்குதலும், பலவந்தமாக ஆடை களைதலும் தனிக் குற்றங்களாயின. 18 வயதுக்குட்பட்டோரைப் பொறுத்தமட்டில், அவர்களின் சம்மதம் செல்லாதென சிறாரைப் பாலியல் குற்றங்களினின்று காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டமே தீர்த்துவிட்டது.

இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் இவ்வரையறையையே ஏற்கிறது. ஆனால் 18 வயது நிரம்பிய மனைவியின் விஷயத்தில் கணவனுக்குரிய பழைய விலக்கையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. பெண்ணின் மனமே சம்மதத்துக்குப் பிரமாணம் என்று ஒப்புக்கொண்டபின், விவாகம் ஒன்றைக் காரணங்காட்டி அப்பிரமாணத்தைக் கைவிடுவது நியாயமன்று. அவ்விலக்கை நீக்குவது பாராளுமன்றத்தின் தட்டிக்கழிக்கலாகாத கடமை.